வண்டி யார் பேரில்?

எங்கள் தெருக்கோடியில் நாலு சாலைகள் கூடும் இடம் ஒன்று உண்டு. போன வாரம் ஒரு சாயங்காலம் அங்கே வெள்ளைச் சட்டைப் போலீஸ்காரர் ஒருவர் நின்று, ஸ்கூட்டர்களை ஓரங்கட்டிக் கொண்டிருந்தார். அப்போது வந்தான் எதிர்வீட்டுப் பையன். வயது பதினாறு. அம்மாவின் ஸ்கூட்டர். முன்னால் காய்கறிப் பை. அதிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது. தலையில் ஹெல்மெட் இல்லை. போலீஸ்காரர் கையைக் காட்டினார். பையன் ஒரே வளைப்பு! வந்த வழியே, எதிரே வரும் பஸ்ஸுக்கும் பூக்காரியின் கூடைக்கும் நடுவே புகுந்து பறந்துவிட்டான். கூடை தப்பியது, பூக்காரியும் தப்பினாள். நான்தான் கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் சிரித்துக் கொண்டே சொன்னாள்: "பார்த்தீர்களா, போலீஸ் கையில் அகப்படாமல் எப்படி வந்துவிட்டான்! ஆயிரம் ரூபாய் மிச்சம்!"

நீங்களும் சிரித்திருப்பீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்!

அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஹெல்மெட் இல்லாததற்கு அபராதம் ஆயிரம் என்பது சரிதான். ஆனால் ஓட ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து கணக்கு வேறாகிவிடுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் போலீஸுக்கு நிற்காமல் வண்டியில் ஓடுவது என்பதே தனிக் குற்றம். நம் நாட்டில் அந்தப் பெயரில் தனிச் சட்டப் பிரிவு கிடையாது. அதனால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஒன்றுக்குப் பதில் பல பிரிவுகள் வந்து சேர்ந்துகொள்ளும். போலீஸார் முறைப்படி இட்ட உத்தரவை மீறியதற்கு, மோட்டார் வாகனச் சட்டம் 179-ஆம் பிரிவின்படி 2,000 ரூபாய் வரை அபராதம். எதிர்த்திசையில் ஓட்டியது 184-ஆம் பிரிவில் 'அபாயகரமாக ஓட்டுதல்'. அதற்கு அபராதம் மட்டுமல்ல, ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. ஓடும் அவசரத்தில் தடுக்க வந்த போலீஸ்காரர் மேல் வேண்டுமென்றே இடித்துக் காயப்படுத்தினாலோ, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்து வருஷம் வரை போகலாம். பூக்காரி மேல் மோதி அவள் உயிர் போயிருந்தால்? அதற்கும் ஐந்து வருஷம் வரை.

இதையெல்லாம் சொன்னேன். "அவன் குழந்தைதானே! குழந்தைக்கு என்ன ஜெயில்?" என்றாள்.

"அக்கா, வண்டி யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"என் பேரில்தான். ஏன்?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு வயது ஆகாதவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், குற்றவாளி அவனுடைய பெற்றோர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரர். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கோ இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்றால், அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். சம்மதத்தோடுதான் எடுத்தான் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். காய்கறி வாங்க அனுப்பிய அம்மா எதை நிரூபிப்பாள்?

ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு உண்டு. 2018 மார்ச் 7-ஆம் தேதி, திருச்சி திருவெறும்பூர் அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியை இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திப் போனார். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார் என்பது வழக்கு. பின்னால் அமர்ந்திருந்த மனைவி விழுந்து இறந்து போனார். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். ஊரே சாலையில் திரண்டு நின்றது. அப்படித் துரத்தியதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஹெல்மெட்டுக்காக ஒரு உயிரா? அன்றைக்கு முதல் தடவை ஹெல்மெட் இல்லாததற்கு அபராதம் நூறு ரூபாய்தான்.

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், 2001-இல் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். 55 மைல் வேகம் போக வேண்டிய இடத்தில் 73 மைலில் போனான். நிறுத்தச் சொன்னதும் ஓடினான். போலீஸ் கார் பின்னால் இடித்தது. வண்டி கவிழ்ந்து, கை கால் வழங்காமல் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007-இல் தீர்ப்பு போலீஸ் பக்கமே வந்தது.

இத்தனைக்கும், நின்றால் என்ன ஆகிவிடும்? லைசென்ஸையும் ஆர்.சி.யையும் வீட்டில் மறந்து வைத்துவிட்டாலும் பாதகமில்லை. டிஜிலாக்கரில் இருந்தால் செல்போனிலேயே காட்டலாம். 2018 முதல் அது செல்லும். ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால் நின்று அதைச் சொல்லலாம். அபராதத்துக்கு ரசீது கேட்டு வாங்கலாம்.

எதிர்வீட்டு அம்மாள் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அலமாரிச் சாவி இருக்கும் இடம் பையனுக்குத் தெரியவே தெரியாதாம்.

நான் பையனையும் பார்த்தேன். அவன் அரிசி டப்பா பக்கம் பார்த்துக் கொண்டிருந்தான்.