வெட்டப்பட்ட நாலு வரி



இரட்டைக் குவளைக்கு எதிராக நாம் போட்ட துண்டறிக்கை உங்கள் கைக்கு எந்த லட்சணத்தில் வந்தது என்பது நினைவிருக்கும். 'போராட்டம்' என்ற சொல் 'ே பாராட்டம்' ஆகிக் கொம்பு தனியாக நின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். கடைசி நாலு வரியையே காணோம். எந்தத் தெரு, எந்த டீக்கடை, என்றைக்கு எல்லாரும் சேர்ந்து போய் ஒரே குவளையில் டீ கேட்கப்போகிறோம் என்பதெல்லாம் அந்த நாலு வரியில்தான் இருந்தது. அச்சகத்தில் கேட்டோம். "உங்க ஃபான்ட் எங்க கம்ப்யூட்டர்ல இல்லீங்க. வேற போட்டோம், பக்கம் நீண்டுபோச்சு, கொஞ்சம் குறைச்சோம்" என்றார்கள். பெருமாள்மலை வழியாகப் பஸ் பிடித்துப் பழனிக்கு இறங்கியும், புரூஃப் பார்க்காமல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது நம்ம தப்பு. ஆனால் குறைப்பதற்கு அந்த நாலு வரிதான் கிடைத்ததா?

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் பொறுக்கிக் கோர்த்த காலம் அது. அவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நம்முடையது ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

சங்கதி இதுதான். வேர்டு கோப்பில் நாம் தட்டிய எழுத்து போகும், அதன் வடிவம் பெரும்பாலும் போகாது. திறக்கிற கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும், வரி உடையும், பக்கம் வழியும். பிடிஎஃப் அப்படியில்லை. ஃபான்டையும் உள்ளே மூட்டை கட்டி எடுத்துப்போகும். இங்கே எந்த வரி எங்கே முடிந்ததோ, பழனியிலும் அங்கேதான் முடியும். பிடிஎஃப்பில் கைவைக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் "பக்கம் நீண்டுபோச்சு" என்ற சாக்கு இனி செல்லாது.

1993இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த வடிவம் இது. 2008இலேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். திருட்டு பேஜ்மேக்கரும் வேண்டாம். லிப்ரேஆபிஸ் கட்டற்ற மென்பொருள். காசில்லாமல் கிடைக்கும், எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், தோழருக்கும் கொடுக்கலாம். நோட்டோ, மீரா இனிமை போன்ற யூனிகோடு ஃபான்டுகளும் அப்படித்தான். துண்டறிக்கையைத் தட்டி முடித்ததும் 'கோப்பு' பட்டியலில் பிடிஎஃப் ஏற்றுமதிக்குப் போங்கள். பிடிஎஃப்/ஏ என்ற கட்டத்தை டிக் செய்தால் ஃபான்டை உள்ளே வைப்பது கட்டாயமாகிவிடும். காகித அளவை அச்சகத்தில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படம் இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளியாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போட்டுவிட்டு அண்ணல் முகம் கலங்கித் தெரிகிறது என்று அச்சகத்தாரைத் திட்டாதீர்கள். பல வண்ணச் சுவரொட்டி, இதழ் வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. அதன் பழைய பதிப்புகள் தமிழைக் கொத்துக்கறி போடும். 2024இல் வந்த 1.6ஐ எடுங்கள்.

ரொம்ப முக்கியமான ஒன்று. தயாரித்தவர் பெயர் கோப்பின் 'பண்புகள்' பகுதியில் நமக்குத் தெரியாமலே ஏறியிருக்கும். துண்டறிக்கை காவல் நிலையத்துக்கும் போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனுப்புவதற்கு முன் திறந்து பார்த்து எடுத்துவிடுங்கள்.

மூலக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் பல நேரம் எழுத்து குழம்பித்தான் வரும். தொண்ணூறுகளில் ஆளுக்கொரு ஃபான்டில் தட்டிய கோப்புகளை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் கிறுக்கலுமாக நிற்கிறது. நம் ஆட்களின் எழுத்து எவ்வளவோ அப்படியே போய்ச் சேர்ந்தது.

அந்தத் துண்டறிக்கையை நாலு வரியோடும் மறுபடி தயாரித்துவிட்டோம். தேதி மட்டும்தான் மாற்றணும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது பென் டிரைவ் கொண்டுவாருங்கள்.