தாத்தா பாட்டியும் வரட்டும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் தாராவியிலும் சயானிலும் மாதுங்காவிலும் ஊருக்குப் பெட்டி கட்டும் வேலை மும்முரமாகிவிடும். ஒன்றரை நாள் ரயில் பயணத்தின் முடிவில், நெல்லைச் சீமையின் கிராமங்களில், பேரப்பிள்ளைகளைக் காண ஓராண்டாக வழி பார்த்திருக்கும் முதியவர்கள் உண்டு.

கிடைக்கும் விடுப்போ பதினைந்து நாள். கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீஸ், வீட்டு மராமத்து என்று அது கரைந்துவிடுகிறது. மிஞ்சும் ஒரு நாளில் திருச்செந்தூருக்கு வேன் பிடிக்கும்போது, "அவர்களுக்கு வெயில் ஆகாது" என்று பெரியவர்களை வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்வது பல குடும்பங்களில் வழக்கமாகி வருகிறது. அன்பினால் செய்யும் தவறு, ஆயினும் தவறுதான்.

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சுமார் 60 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டு, நிழல் கண்ட இடத்தில் இரண்டு முறை வண்டியை நிறுத்தினால் போதும். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியே வரும் வாழைத் தோட்டங்களையும் தாமிரபரணியையும் தாத்தா காட்டட்டும். கடலோரத்து நாழிக்கிணற்றில் உப்புக் கரிக்காத நீர் ஊறும் கதையைப் பாட்டி சொல்லட்டும். இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைகளின் நாவில் தமிழ் தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.

மாதந்தோறும் அனுப்பும் பணம் மருந்துக்கும் மளிகைக்கும் ஆகும். எஞ்சிய பதினோரு மாதமும் நினைத்து மகிழ அவர்களுக்கு அந்த ஒரு நாள் வேண்டும். அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முதுமை இடம் தருமா என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.