கணிப்பொறியை விரட்டலாமா?

தேர்வில் நீங்கள் 85 மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் கணிப்பொறி அச்சிட்ட பட்டியலில் 21 என்று இருக்கிறது. தட்டச்சு செய்தவர் தவறு செய்யவில்லை, நிரலிலும் பிழையில்லை. பின் இது எப்படி நேர்ந்தது? பதிலைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

கணிப்பொறியை அதற்குக் குறிக்கப்பட்ட வேகத்தைவிட விரைவாக ஓட்டுவதற்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர். விளையாட்டுகள் தடையின்றி ஓட வேண்டும் என்று மாணவர்கள் பலர் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். "தொழிற்சாலைக்காரர்கள் உண்மையான வேகத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள்; அதை நாம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்" என்பது அவர்கள் வாதம். இது சரியா?

செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 400 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒளிகூட ஏழரை சென்டிமீட்டர்தான் செல்ல முடியும்! அதற்குள் செயலியில் அந்தப் படிக்குரிய வேலை முடிந்து, விடை நிலைபெற வேண்டும். துடிப்பை விரைவுபடுத்தினால் இந்த அவகாசம் குறைகிறது. விடை நிலைபெறுமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், அரைகுறை விடையே விடையாகிவிடும்.

தொழிற்சாலைகள் வேகத்தைச் சற்றுக் குறைத்தே குறிக்கின்றன என்பது உண்மைதான். 1998இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ செயலிக்குக் குறிக்கப்பட்ட வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். தாய்ப்பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி, பலர் அதை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஆனால் இந்த மிச்சம் ஏமாற்று வேலை அன்று. கோடை வெப்பம், விசிறியில் படியும் தூசி, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம், சில்லின் முதுமை ஆகியவற்றுக்காக ஒதுக்கிய காப்பு அது. பாலம் கட்டுபவர், அதன் மீது செல்லும் பாரத்துக்கு மேலும் தாங்கும்படிக் கட்டுவதில்லையா? அதுபோலத்தான்.

வெப்பத்தின் கணக்கையும் பாருங்கள். செயலி செலவிடும் மின்திறனின் பெரும்பகுதி துடிப்பின் வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயர்கிறது. வேகத்தை 20 விழுக்காடு கூட்டி, அதைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டினால், 1.2 × 1.1 × 1.1 = 1.452. வேகம் 20 விழுக்காடு; வெப்பமோ ஏறத்தாழ 45 விழுக்காடு!

இனி அந்த 85க்கு வருவோம். நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்னூட்டம் மெல்லக் கசிவதால், பொதுவாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதைப் படித்தறியவும் குறிப்பிட்ட அவகாசம் வேண்டும். அவகாசத்தை அளவுமீறிக் குறைத்தால் 1 என்பது 0 ஆகப் படிக்கப்படலாம். இரும எண்ணில் 85 என்பது 1010101. முதல் இலக்கம் 0 ஆனால் 0010101, அதாவது 21! சாதாரண நினைவகத்தில் இதற்கு எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

கணிப்பொறி நின்றுபோனால் கவலையில்லை, நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே தவறான விடை தருவதுதான் ஆபத்து. ஏறத்தாழ பத்து லட்சம் கணிப்பொறிகளின் பதிவுகளை ஆராய்ந்து மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேகம் கூட்டிய கணிப்பொறிகளில் செயலிப் பிழையால் ஏற்படும் செயலிழப்பு மிகுதி என்று அதில் கண்டார்கள். அவர்கள் எண்ணியது நின்றுபோனவற்றை மட்டுமே. ஓசையின்றி மாறிய எண்களை யார் எண்ணுவது?

அப்படியானால் இதைத் தொடவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். சொந்த விளையாட்டுக் கணிப்பொறியில், பெரியவர்களின் அனுமதியோடு, படிப்படியாகக் கூட்டி, வெப்பத்தையும் அளந்து பார்ப்பது நல்ல பரிசோதனையே. பகா எண் தேடுவதற்காக எழுதப்பட்ட 'பிரைம்95' நிரலில், விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் போட்டுச் செயலியைச் சோதிக்கும் வசதி உண்டு. மணிக்கணக்கில் ஓட்டியும் ஒரு பிழைகூட வராவிட்டால்தான் அந்த வேகத்தைச் சற்றேனும் நம்பலாம்.

ஆனால் பள்ளிக் கணிப்பொறியிலோ, வீட்டுக் கணக்கும் பிறர் மதிப்பெண்ணும் இருக்கும் கணிப்பொறியிலோ இதைச் செய்யாதீர்கள். கிடைக்கும் வேகம் உங்களுக்கு. நேரும் பிழையோ பிறருக்கு. அது நியாயமாகுமா? நீங்களே சொல்லுங்கள்.