பூட்டும் சாவியும்

காசு கொடுத்துப் பொருளை வாங்கிய பிறகும் சாவியை விற்றவனே வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் விற்பனையா? சினிமாத் தட்டிலும் மின்நூலிலும் கம்பெனிகள் செய்வது இதுதான். நகல் எடுக்க முடியாதபடி உள்ளே ஒரு பூட்டு. வாங்கியவர் தன் வீட்டிலேயே வேறொரு கருவிக்கு அதை மாற்றிப் பார்க்க முடியாது. சொந்த உபயோகத்துக்காக இந்தப் பூட்டைத் திறப்பது குற்றமா?

1998-ல் வந்த அமெரிக்கச் சட்டம், சில விலக்குகள் போக, பூட்டைத் திறப்பதையே தடை செய்தது. புதிய விலக்கு வேண்டுமென்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறை மனுப்போட வேண்டும். விவசாயி தன் சொந்த டிராக்டரின் கம்ப்யூட்டர் பூட்டைத் திறந்து பழுதுபார்க்க 2015-ல்தான் விலக்குக் கிடைத்தது. அது அமலுக்கு வர மேலும் ஓராண்டு ஆயிற்று!

நார்வேயில் நடந்தது வேறு. ஜோன் லெக் ஜோஹான்சன் என்ற இளைஞர் டிவிடி தட்டின் பூட்டைத் திறக்கும் புரோகிராம் ஒன்றை மற்றவர்களுடன் சேர்ந்து உருவாக்கினார். அமெரிக்கப் படக் கம்பெனிகள் புகார் செய்தன, வழக்குப் பாய்ந்தது. முறையாக வாங்கிய தட்டைப் பார்க்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று சொல்லி, 2003 ஜனவரியில் கோர்ட் அவரை விடுதலை செய்தது. அப்பீலிலும் அதே தீர்ப்பு.

நமது நாட்டில், 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் நீங்கலாக, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பார்வையற்றவர் படிப்பதற்கேற்ற வடிவில் புத்தகத்தை மாற்றவும் அதே பிரிவு இடம் தருகிறது. இது நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம்.

ஆனால் வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கும் வேலையும் அதே 65-ஏ பிரிவில் இருக்கிறது. பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுபவர், அவருடைய பெயர், விலாசம், நோக்கம் முதலிய விவரங்களைப் பதிந்து வைக்க வேண்டுமாம்! மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இந்த நுணுக்கப் பூட்டைத் தாமே திறக்க முடியுமா? தெரிந்தவரின் உதவியைத்தான் நாட வேண்டும். போலீஸ் நிலையத்தைப்போல் பதிவேடு வைத்து உதவ யார் முன்வருவார்? சாவியைக் கொடுக்கும் கடமையோ கம்பெனிக்கு இல்லை. ஏட்டில் உரிமை, நடைமுறையில் பூட்டு!

பூட்டு இல்லாவிட்டால் கள்ளப் பிரதி பெருகும், கலைஞர்களின் வயிறு காயும் என்கிறார்கள். கள்ளப் பிரதி விற்றுப் பணம் குவிப்பவனைத் தண்டியுங்கள்; யாரும் தடுக்கவில்லை. விலை கொடுத்து வாங்கித் தன் வீட்டில் பார்ப்பவர் கலைஞரிடமிருந்து எதைத் திருடினார்?

எனவே பதிவேட்டு நிபந்தனை நீக்கப்பட வேண்டும். முறையாக வாங்கியவர்களுக்கும், பார்வையற்றோருக்கும், நூலகங்களுக்கும் கம்பெனிகளே பூட்டைத் திறந்து தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். சர்க்கார் இதைச் செய்ய முன்வருமா?