பின்வரிசைப் பிள்ளைகளின் கண்ணும் காதும்

டெங்கு பரவினால் பாடசாலை வளவு துப்புரவாக்கப்படுகின்றது, புகை அடிக்கப்படுகின்றது, அதிகாரிகள் வந்து போகின்றனர். ஆனால் பின்வரிசையில் அமர்ந்து, கண்களைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்க்கும் பிள்ளைக்காக எவரும் பதற்றமடைவதில்லை. கண், காதுக் குறைபாடுகள் பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை அல்ல என்பதே இதற்குக் காரணம். அப்பிள்ளைக்கு நோயாளி என்ற பெயர் கிடைப்பதில்லை. மக்கு, சோம்பேறி, சொல்வழி கேளாதது என்பனவே அதற்குக் கிடைக்கும் பட்டங்கள்.

பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்துவரும் பிள்ளைக்கு உலகம் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணமே உண்டு. தனக்குப் பார்வை குறைவு என அது வந்து முறையிடாது. ஒரு கண் தெளிவாகவும் மற்றக்கண் மங்கலாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மூளை தெளிவான கண்ணையே நம்பி மற்றதை ஒதுக்கிவிடுகின்றது. 'சோம்பல் கண்' எனப்படும் இக்குறைபாடு ஏழு, எட்டு வயதுக்கு முன்னர் கண்டறியப்பட்டால் பெரும்பாலும் சீராக்கத்தக்கது. காலம் கடந்தால் மூக்குக்கண்ணாடியும் பெரிதாக உதவாது. மாறுகண்ணை 'அதிர்ஷ்டக்கண்' என்று சொல்லி மகிழும் வழக்கம் நம்மிடையே இருப்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இத்தகைய பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க நம் நாட்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. பாடசாலை மருத்துவப் பரிசோதனை இலங்கையில் 1918 இல் தொடங்கப்பட்டது. தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் கற்கும் மாணவர் பரிசோதிக்கப்படல் வேண்டும். 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளில் சகல மாணவரும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படல் வேண்டும் என்பது விதி. சிறிய கிராமப் பாடசாலைகளுக்குச் சாதகமாக அமைந்த மிகச் சில விதிகளுள் இதுவும் ஒன்று. குழந்தைப் பருவத்தில் தாயிடம் வழங்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலும் பிள்ளை ஒளியை நோக்குகின்றதா, ஓசைக்குத் திரும்புகின்றதா என்பதற்குரிய வினாக்கள் உள்ளன. அப்பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் தாய்மார் எத்தனை பேர்?

எனவே குறை பரிசோதனையில் இல்லை, அதன் பின்னரே தொடங்குகின்றது. திருகோணமலை - கண்டி வீதியை ஒட்டியுள்ள கப்பல்துறை போன்ற ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளையைக் கண் வைத்தியரிடம் காட்டுமாறு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்படுகின்றது. கூலிவேலைக்குச் செல்லும் தகப்பனுக்கு அத்துண்டின் விலை ஒரு நாட் சம்பளமும் பஸ் கட்டணமும் ஆகும். ஒரு முறை போனால் இன்னொரு நாள் வரச்சொல்வர். கண்ணாடிக்கு வேறு பணம் தேவை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நொந்துபோன குடும்பங்களில் அத்துண்டு கொப்பிக்குள்ளேயே கிடந்துவிடுவதில் வியப்பில்லை. தரம் 4 இல் துண்டு பெற்ற பிள்ளை கண்ணாடியின்றியே மறு ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமர்கின்றது. பெறுபேறு குறைந்தால் பழி பிள்ளைக்கு.

காதின் கதையும் இதுவே. தடிமலுக்குப் பின்னர் நடுக்காதில் நீர் தேங்கினால் பிள்ளைக்கு நோவு இருக்காது. கேள்வி மட்டும் குறையும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவதும், ஒன்றைப் பலமுறை கேட்பதும் அதன் அடையாளங்கள். சீழ் வடியும் காது மிகவும் கவனத்துக்குரியது. செவிப்பறையில் துளை விழுந்துள்ள காதினுள் சுட்ட எண்ணெய் ஊற்றுவதும், கோழியிறகு விட்டுக் குடைவதும் கெடுதலைப் பெருக்குவனவாகும். கப்பல்துறையில் இயங்கும் ஆயுர்வேத வைத்தியசாலைக்கு வரும் தாய்மாருக்கு இதை அங்குள்ள வைத்தியர்களே எடுத்துச் சொன்னால் நமது எழுத்தைவிடப் பயன் அதிகம். குழந்தையின் கண்ணில் மையும் சுருமாவும் இடுவதும் இவ்வாறானதே. சிலவகைச் சுருமாவில் ஈயம் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. திருஷ்டி கழிக்க வேறு வழி தேடலாம்.

சிறுவரிடையே காணப்படும் கேட்டற்குறைபாட்டில் சுமார் 60 சதவீதம் தடுக்கத்தக்க காரணங்களால் ஏற்படுவது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தடுக்கலாம் என்பதற்கு நமது நாடே சான்று. கர்ப்பிணியைத் தொற்றும் ருபெல்லா, சிசுவின் கண்ணில் வெண்படலத்தையும் காதில் செவிட்டையும் ஒருங்கே விளைவிக்க வல்லது. 1996 முதல் தடுப்பூசி வழங்கிவந்த இலங்கை, அந்நோயை ஒழித்துவிட்டதாக 2020 இல் சான்று பெற்றது. வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு அது.

ஊசியால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. மச்சாள், மச்சான் உறவில் மணம் முடிப்பது தமிழ், முஸ்லிம் ஆகிய இரு சமூகங்களிலும் நெடுநாளைய வழக்கம். தலைமுறைகளாக நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் நிகழும்போது பிறவிச் செவிடு ஏற்படும் வாய்ப்புக் கூடுகின்றது. இதனை எழுதுவது சிலருக்கு மனவருத்தம் தரலாம். எனினும் ஏற்கனவே செவிப்புலனற்ற பிள்ளை உள்ள குடும்பங்கள் திருமணப் பேச்சுக்கு முன்னர் வைத்திய ஆலோசனை பெறுவதில் இழப்பு எதுவும் இல்லை. அவ்வாறு பிறக்கும் குழந்தையும் ஆறு மாதத்துக்குள் கேட்கும் கருவி முதலிய உதவிகளைப் பெறத் தொடங்கினால் பேச்சைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புப் பெரிது. "மூன்று வயதில் பேசுவான், தகப்பனும் அப்படித்தான்" என்று காத்திருப்பதே அவ்வாய்ப்பைக் கெடுக்கின்றது.

கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களமும் கல்வித் திணைக்களமும் இவ்விடயத்தில் செய்யத்தக்கது பெருஞ் செலவுக்குரியது அன்று. துண்டு பெற்ற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் அதிபரின் மேசையில் இருக்கட்டும். மூன்று மாதத்தின் பின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அதைத் திரும்பக் கேட்கட்டும். பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஒரே நாளில், ஒரே வாகனத்தில் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தால் முடியும். கண்ணாடி வாங்க இயலாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கக் கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் முன்வருமாயின், அடுத்த தவணை தொடங்குமுன்னரே சில பிள்ளைகளை முன்வரிசையில் காணலாம்.