அரை மணி நேர வித்தியாசம்

மாலத்தீவு என்று சொன்னதும் உங்கள் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நீலக் கடல், அதில் கால் நட்டு நிற்கும் மரவீடு, சினிமா ஸ்டார்களின் ஹனிமூன் போட்டோ! அந்த தேசத்தில் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சாதாரண ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு டெபிட், கிரெடிட் சொல்லித் தர தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வாத்தியார்கள் போகிறார்கள். இதெல்லாம் எந்த போட்டோவிலும் விழுவதில்லை.

என்னோடு பி.காம். படித்தவன் ஒருவன் அப்படிப் போனான். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள். பேர் வேண்டாமே, 'வாத்தியார்' போதும். ஒரே பெஞ்ச்சில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவன் கணக்கு சொல்லித் தரப் போனான், இன்னொருவன் இந்த மாதிரி எழுத வந்துவிட்டான். யார் உருப்பட்டது என்று எங்கள் புரொபஸர்தான் சொல்லணும்.

2020 ஜனவரியில் போய் இறங்கினான். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். "செருப்பு அறுந்தா பதினைஞ்சு" என்றான் போனில். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் உண்டு, வெள்ளியும் சனியும் லீவு. படகுக்குப் பேர் தோணி. முருங்கைக்கும் கிட்டத்தட்ட முருங்கை என்றே பேர். மீனுக்கு 'மஸ்'. தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு போட்டு சம்பல் அரைக்கிறார்களே, அந்த மாசி இந்த ஊர் சரக்குதான். 'நம்ம ஊர்தாண்டா, சுத்தி தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டான்.

அங்கத்திய லிபியைப் பற்றியும் சொல்லணும். 'தானா' என்று பேர். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்களிலிருந்து வந்தவை, அடுத்த ஒன்பது அந்த ஊரின் பழைய எண்களிலிருந்து வந்தவை. ஒன்று, இரண்டு, மூன்றை வைத்தே அகர முதலி! அக்கவுன்டன்ஸி வாத்தியாருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமையுமா? ஒரே சிக்கல், அதை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். டெபிட் இடது பக்கம், கிரெடிட் வலது பக்கம் என்பதை மண்டையில் ஏற்ற அவனுக்கு ஒரு மாசம் பிடித்தது. பாதிப் பேர் தலைகீழாகப் போட்டும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆனதுதான் ஆச்சரியம்.

அப்புறம்தான் வந்தது அது.

2020 மார்ச் 7 அன்று ஒரு ரிசார்ட்டில் முதல் கேஸ்கள். ஸ்கூலை மூடினார்கள். மாதக் கடைசியில் டூரிஸ்ட் விசாவும் நின்றது. ஏப்ரல் 15 அன்று தலைநகர் மாலேயில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வந்ததும், மாலேயைப் பூட்டினார்கள். அந்த நாட்டில் அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் வெளியிலிருந்து மாலே வழியாகத்தான் வந்தாகணும். மாலேயைப் பூட்டினால் வீட்டில் கிச்சனைப் பூட்டியது மாதிரி.

சரக்குத் தோணி வந்தால் தீவே கரையில் நிற்குமாம், ஆறடி இடைவெளி விட்டு! மூட்டைகள் மட்டும் இறங்கும், ஆட்கள் இறங்கக் கூடாது. உருளைக்கிழங்கு, பருப்பு, டூனா. மறுநாள் டூனா, பருப்பு, உருளைக்கிழங்கு. தக்காளி என்ற ஒன்று இருந்ததையே மறந்துபோனான். மே 12 அன்று நம் கப்பற்படையின் 'கேசரி' 580 டன் உணவுப் பொருளோடு மாலேக்குப் போனது. பேப்பரில் படித்துவிட்டுப் போன் பண்ணினேன். "கேசரி வந்துச்சாமேடா?" "பேர்லயாவது ஸ்வீட் வந்துச்சே" என்றான்.

பாடம் ஆன்லைனில். டி.வி.யில் 'டெலிகிலாஸ்', போனில் இவன். இருபத்து மூன்று பேரும் கேமராவை அணைத்துவிடுவார்கள். இருபத்து மூன்று கறுப்புக் கட்டங்களைப் பார்த்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும், சொல்லுங்கள்! ஆபீஸில் இன்கிரிமென்ட் கேட்டுவிட்டு மானேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போமே, அதே மாதிரி. நடுவில் ஒரு சேவல் கூவும். அன்றைய வகுப்பில் வந்த ஒரே பதில் அதுதான் என்பான்.

ஒரு நாள் மட்டும் வேறொரு குரல் வந்தது. ஒரு பெண்ணின் அப்பா. ரிசார்ட்டில் வேலை பார்த்தவர், ரிசார்ட் மூடியதால் தீவுக்குத் திரும்பிவிட்டார். அங்கே நிறையப் பேருக்குச் சம்பளத்தைவிட சர்வீஸ் சார்ஜ்தான் பெரிசு. ஆள் வராவிட்டால் அதுவும் வராது. கயிறு பின்னிய ஜோலி நாற்காலியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பாடத்தைக் கேட்டிருக்கிறார் மனுஷர். பாடம்: கேஷ் ஃப்ளோ. "ஸார், வரவு சுத்தமா நின்னுட்டா ஒரு பிசினஸ் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார்.

வாத்தியார் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னான். கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால் வருவது. அந்தப் பக்கம் பேச்சே இல்லை. வகுத்துப் பார்த்திருப்பார் போல. சாயங்காலம் இவன் வாசலில் இலையில் சுற்றிய மீன் ஒன்று இருந்தது. அவர் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கப்பல் வந்தது. 'ஜலஷ்வா'. நம் கப்பற்படை 'சமுத்ர சேது' என்று பேர் வைத்து, மே 8 அன்று மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கூட்டிவந்தது. அடுத்து ஜூனில் தூத்துக்குடிக்கே ஒரு நடை! வாத்தியாரின் வீட்டிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் ஒரு மணி நேரம்தான். இரண்டரை வயசு மகள். முட்டி வலியோடு அம்மா. மனைவி ஒற்றை ஆளாக எல்லாம்.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் நடுவே கோடு போட்டு உட்கார்ந்தான். இடது பக்கம்: கப்பலுக்கு 40 டாலர், இறங்கியதும் பதினான்கு நாள் தனிமை, எப்போது திரும்ப விடுவார்கள் என்று தெரியாத எல்லை, போனால் கான்ட்ராக்ட் நிற்குமா என்று தெரியாத வேலை, வீட்டுக் கடன். (ரிசர்வ் பேங்க் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்ததே என்பீர்கள். தவணைதான் தள்ளும், வட்டி தள்ளாது. நாங்கள் பி.காம்., ஸார்!) வலது பக்கம்: ஒரே வரி. மகள் பேர்.

விடிய விடியக் கூட்டியும் டேலி ஆகவில்லை.

இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது வித்தியாசத்தைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போடு என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். அப்புறம் நிதானமாகத் தப்பைத் தேடலாம். அவனும் அப்படித்தான் செய்தான். ஜூன் 7 அன்று ஜலஷ்வா எழுநூறு பேரோடு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அதில் வாத்தியார் இல்லை.

செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவுக்கு சரக்குக் கப்பல் விட்டார்கள். "ஊர்லேர்ந்து வெங்காயம் வர்ற வழி தெறந்துருச்சு. நான் போற வழிதான் தெறக்கலை" என்றான். 2021 பிப்ரவரியில் அங்கே ஊசி போட ஆரம்பித்தார்கள், அதற்கு முந்தின மாசம் இந்தியா அனுப்பிய ஒரு லட்சம் டோஸை வைத்து. சரி, ஊர் வந்துவிடலாம் என்று பார்த்தால் மே மாதம் அங்கேயும் இங்கேயும் மறுபடி அலை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அங்கே மணி நமக்கு அரை மணி பின்னால். மகள் தூங்குவது எட்டரைக்கு, அதாவது அவனுக்கு எட்டு மணி. தினமும் எட்டடித்தால் போனில் முகத்தைக் காட்டிவிடுவான். கதை சொல்லணும், குட்நைட் சொல்லணும். சிக்னல் போய்விட்டால் போனைத் தூக்கிக்கொண்டு படகுத் துறைக்கு ஓட்டம். பன்னிரண்டு நிமிஷத் தீவு என்பதால் பிழைத்தான்.

2021 கடைசியில் ஒரு வழியாக ஊர் வந்தான். மகளுக்கு நாலு வயசு தாண்டியிருந்தது. பகலெல்லாம் அவன் மடியைவிட்டு இறங்கவில்லை. ராத்திரி எட்டரை ஆனது. விறுவிறுவென்று போய் அம்மாவின் போனை எடுத்துவந்து, "அப்பாவுக்குப் போடு" என்றாள்.

"அப்பாதான் இங்கே இருக்காரே, தங்கம்?"

"இந்த அப்பா சரி. கதை சொல்ற அப்பாவுக்குப் போடு."

வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்து வீடியோ காலில் வந்தான். முழுக் கதையும் சொன்னான். குட்நைட் சொன்னான். பத்து நாள் இப்படி நடந்தது. பதினோராவது நாள் அவளே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பார்த்துவிட்டு, போனைக் கீழே வைத்தாளாம்.

அடுத்த மாசம் அவன் திரும்பிப் போய்விட்டான். வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

உங்கள் ஆபீஸிலோ, தெருவிலோ மாலத்தீவிலிருந்து லீவில் வந்த வாத்தியார் யாராவது தட்டுப்பட்டால், பீச் எப்படி, எந்த ஹீரோயினைப் பார்த்தீர்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். அங்கே இப்ப மணி என்ன என்று கேளுங்கள். வாட்ச்சைப் பார்க்காமல் சொல்வார்.