காயத்திற்கு வாய் உண்டு; மொழி இல்லை



ஆஸ்பத்திரி வாசலில் நம்மில் பலர் கூசாமல் சொல்லிவிடும் ஒரு சிறு பொய்யைப் பற்றி இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன். அந்தப் பொய்யை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். எங்கள் திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் பொங்கலையொட்டிக் காளை விடும் விழா நடப்பதுண்டு. வேடிக்கை பார்க்கப் போன எங்கள் தெரு நண்பர் ஒருவரின் மகனுக்கு, ஓடிவந்த காளையின் கொம்பு வலப்புற மார்பில் பாய்ந்துவிட்டது. வெளியே பார்த்தால் ஒரு ரூபாய் நாணய அளவுக் காயம்தான்.

"பாய், நீங்கள் படித்தவர். டாக்டரிடம் நீங்களே பேசுங்கள். மாடு முட்டியது என்றால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டிவரும். தடுக்கி விழுந்தான் என்று சொல்லிவிடுங்கள்" என்று நண்பர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நானும் அப்படியே சொன்னேன். 'கீழே விழுந்ததில் நெஞ்சில் காயம்' என்று பதிவேட்டில் எழுதினார்கள். காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டுப் படுக்க வைத்தார்கள்.

நள்ளிரவில் பையனுக்கு மூச்சுத் திணறியது. இரவுப் பணியிலிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "எதன் மேல் விழுந்தான்?" என்று என்னைக் கேட்டார். என் நாக்கு எழவில்லை. பிறகு உண்மையைச் சொன்னேன். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். கொம்பு மார்புச் சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று நிறைந்து அதனை அமுக்கிக்கொண்டிருந்தது. விலா எலும்புகளுக்கு இடையே குழாய் பொருத்திக் காற்றை வெளியேற்றினார்கள். பையன் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ்! பிழைக்காமல் போயிருந்தால்? அக்கேள்வி இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்னையில் 'மெடிக்கல் கோடிங்' பணி செய்கிறார். விடுமுறையில் வந்தவரிடம் இதைச் சொன்னேன். "ஹஜ்ரத், எங்கள் தொழிலே இதில்தான் இருக்கிறது" என்று அவர் விளக்கினார். நோய்களையும் காயங்களையும் எண்களால் குறிக்கும் உலகப் பட்டியல் ஒன்று உண்டு. 1893இல் பிரெஞ்சு அறிஞர் பெர்ட்டியோன் வகுத்த மரணக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்த அதன் பத்தாம் பதிப்பை, உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஏற்றது. 2022 முதல் பதினோராம் பதிப்பும் நடப்பில் உள்ளது. பத்தாம் பதிப்பில் மார்பின் திறந்த காயத்திற்கு 'எஸ் 21' என்று பெயர்.

அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இங்கே நம் பிள்ளைகள் கையாளும் பதிப்பில் அது மேலும் விரிகிறது. காயம் மார்பின் முன்புறமா, முதுகுப்புறமா? வலமா, இடமா? கிழிந்ததா, குத்தியதா, கடித்ததா? உள்ளே அந்நியப் பொருள் தங்கியுள்ளதா? எல்லாவற்றிலும் முக்கியமாக, காயம் சுவரோடு நின்றதா, உட்குழிக்குள் புகுந்ததா? சுவரோடு நின்ற முன்புறக் காயம் 'எஸ் 21.1', உள்ளே புகுந்தது 'எஸ் 21.3'. ஓர் இலக்கம்தான் வேற்றுமை. ஆனால் ஒன்று தையலோடு முடியலாம், மற்றது உயிரையே வாங்கலாம். காயம் ஏற்பட்ட காரணத்திற்கும் தனி எண் உண்டு. மாடு முட்டியதற்கு ஒன்று, விழுந்ததற்கு வேறொன்று, கத்திக்குத்திற்கு இன்னொன்று.

வெறுமனே 'நெஞ்சில் காயம்' என்று எழுதியிருந்தால்? "இடம் குறிப்பிடப்படாதது என்று 'எஸ் 21.9' போடத்தான் முடியும். டாக்டர் எழுதாததை நாங்கள் ஊகித்து எழுதக்கூடாது. ஐயம் வந்தால் அவரிடமே கேட்டுத் தெளிய வேண்டும்" என்றார் மாணவர். நம் நாட்டு இன்ஷூரன்ஸ் படிவத்திலும் இந்த எண்ணுக்கு இடம் உண்டு. பதிவேட்டில் ஒன்று, எக்ஸ்ரேயில் வேறொன்று என்றிருந்தால் கேள்விமேல் கேள்வி எழும்; பணம் நின்றுபோகும். வழக்கு என்று வந்தாலோ, ஏ.ஆர். என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேட்டில் முதல் நாள் எழுதியதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

நோயாளி சொன்னதையும் தாம் கண்டதையும் குறித்து வைப்பதில் மருத்துவர் ராஸி அவர்கள் பெயர் பெற்றவர்கள். அவர்களது குறிப்புகளை மறைவுக்குப் பின் தொகுத்ததே 'அல்ஹாவி' என்னும் பெருநூல். அந்தப் பரம்பரையைப் பெருமையாகப் பேசும் நான், ஒரு டாக்டரின் பேனாவில் பொய்யை ஊற்றிவிட்டு வந்தேனே!

போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்திற்குத் தகவல் போவது நடைமுறை; அதனால் காயம்பட்டவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். உயிர் காக்கும் சிகிச்சையே முதலில், சட்ட நடைமுறை பின்னரே என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

ஆகவே தாய்மார்களே, சகோதரர்களே! மார்பில் காயம் என்றால் குத்திய பொருளைப் பிடுங்காமல் 108ஐ அழையுங்கள். எதனால், எப்போது, எப்படி என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வீடு திரும்பும்போது தரும் சீட்டைப் படித்துப் பாருங்கள்; வலம் இடமாகியிருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். கோடிங் பணியிலுள்ள பிள்ளைகளே! உங்கள் திரையில் தெரியும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

காயத்திற்கு வாய் உண்டு; மொழி இல்லை. அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தாம். உண்மையே பேசுவோமாக!